மிதியும் பாதமும்: சைக்கிள் சொல்லும் வரலாறு

சைக்கிள் என்று சொன்னவுடன் நம் மனக்கண் முன் வருவது அதன் சக்கரம். பிறகு மணி, விளக்கு, பின்புறக் கேரியர். பெடல் என்னும் மிதியை யாரும் நினைப்பதில்லை. அது தேய்ந்து, ரப்பர் கட்டை உதிர்ந்து, வெறும் இரும்புக் கம்பி மட்டும் எஞ்சிய பிறகும் அதன்மேல் காலை வைத்து ஓட்டியவர்கள் நம்மில் பலர். ஆனால் மனிதனுடைய பலம் சைக்கிளுக்குள் நுழையும் வாசல் அந்த மிதிதான். அந்த வாசலில் நிற்பது நமது பாதம். ஆகவே இன்று மிதியையும் பாதத்தையும் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். பேச்சு ஐரோப்பாவில் தொடங்கினாலும், நம் மலாக்காவின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

முதல் சைக்கிளுக்கு மிதியே கிடையாது. 1817 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி ஒரு வண்டியைச் செய்தார். அதன்மேல் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உதைத்து உதைத்துத்தான் முன்னேற வேண்டும். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1860களில், பாரிஸ் நகரத்துப் பட்டறைகளில் முன் சக்கரத்தின் அச்சிலேயே மிதிகள் பொருத்தப்பட்டன. பியர் லல்லமென் என்ற பிரெஞ்சுக்காரர் 1866 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மனிதனுடைய கால் தரையை விட்டு மேலே எழும்பியது அப்போதுதான். 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, மிதியை நடுவில் வைத்து, சங்கிலியால் பின் சக்கரத்தைச் சுழற்றும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அதுவே.

அந்தச் சைக்கிளுக்கு இன்னும் ஒரு குறை இருந்தது. கெட்டியான சக்கரம் கல்லிலும் குழியிலும் விழுந்து உடம்பை உலுக்கியது. 1888 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் 1845 ஆம் ஆண்டிலேயே இத்தகைய டயருக்கு உரிமைப் பட்டயம் பெற்றிருந்தும், அது வழக்கத்துக்கு வரவில்லை. டன்லப்பின் டயர் சைக்கிளோடு சேர்ந்து உலகமெங்கும் ஓடியது.

இந்த இடத்தில்தான் மலாக்கா உள்ளே வருகிறது.

பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு, அவற்றிலிருந்து முளைத்த இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, "ரப்பர் நடுங்கள், ரப்பர் நடுங்கள்" என்று காண்போரிடமெல்லாம் விதையைக் கொடுத்துப் பார்த்தார். காப்பியும் மரவள்ளியும் நட்டுக் கொண்டிருந்தவர்கள் செவி சாய்க்கவில்லை. செவி சாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896 ஆம் ஆண்டில் அவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் அதைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பில் நட்டார். இந்த நாட்டின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் பிறந்தது நம் மலாக்கா மண்ணில்தான்.

அந்த ஆண்டைச் சற்றே கவனியுங்கள். எல்லோரும் வாங்கத்தக்க 'மாடல் டி' காரை ஃபோர்டு கம்பெனி வெளியிட்டது 1908 ஆம் ஆண்டில். 1896 இலோ ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பிடித்திருந்தது சைக்கிள் மோகம். ரப்பருக்கு அன்று பசியை உண்டாக்கிய பொருள்களில் முன்னே நின்றது சைக்கிள் டயர். மலாக்காவில் முதல் ரப்பர்க் கன்று ஊன்றப்பட்ட நாளில் உலகம் சைக்கிளின்மேல் ஏறி அமர்ந்திருந்தது. அந்த உலகத்துக்குப் பால் வெட்டிக் கொடுக்கத்தான் நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்தார்கள்.

அவர்கள் காலில் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரைக்குப் போய், உளியால் பட்டையைச் சீவி, மங்கில் பால் வடிய விட்டு, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுப் பால் ஸ்டோருக்குச் சுமந்து வந்த வரையில், எல்லாம் வெறுங்கால் நடைதான். அதற்கு விலையும் கொடுத்தார்கள். கொக்கிப்புழு என்பது ஈர மண்ணிலிருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் புகும் ஒரு புழு. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், வேலை ஓடாது. மேற்பார்வையில் இருந்தவர்கள் அதைச் சோம்பல் என்று ஏசிய நாள்களும் உண்டு. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஒரு குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பீஜித் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்தது. கழிப்பிடமும் காலணியும் மருந்தைப் போலவே முக்கியம் என்பது மருத்துவர்கள் அறிந்து சொன்ன உண்மை. உலகத்தின் சக்கரங்களுக்கெல்லாம் ரப்பர்ச் சப்பாத்து மாட்டிவிட்ட கூட்டம், தன் காலுக்கு ஒன்று இல்லாமல் அந்த மண்ணிலேயே நடந்தது. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டத்துக்குள் சைக்கிள் முதலில் வந்தது கிராணி வீட்டுக்குத்தான். தண்டலுக்கும் வாத்தியாருக்கும் அடுத்து வந்தது. பால் வெட்டுபவர் வீட்டு வாசலில் அது சாய்த்து வைக்கப்பட்டதெல்லாம் பிற்காலம். அப்படி வந்த கறுப்பு நிறச் சைக்கிளின் மிதியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மிதியிலும் இரண்டு நீண்ட ரப்பர்க் கட்டைகள் இருக்கும். அந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. வெறுங்காலுக்கும் அது வலிக்காது. சிலிப்பர் போட்டாலும் வழுக்காது. மழையில் நனைந்தாலும் பிடிப்பு ஓரளவு நிற்கும். பின் கேரியரில் பால் டின்னை வைத்துக் கட்டி, செம்மண் சடக்கில் ஓட்டுகிறவன், மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மரப்பாலம் வந்தால் இறங்கி நடக்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த வாழ்க்கைக்கு ஏற்ற மிதி அது. மேல்நாட்டில் பந்தயக்காரர்கள் பல் வைத்த இரும்பு மிதியை விரும்பினார்கள். அதற்கு 'எலிப்பொறி' என்றே பெயர். அந்தப் பல்லின்மேல் வெறுங்காலை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போர்க்காலத்திலும் சைக்கிள் இந்தப் பக்கம் வந்தது. 1941 டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியர், தீபகற்பத்தின் நெடுகிலும் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த ஓசையைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிரிப் படையினர் எண்ணியதும் உண்டு. 1942 ஜனவரி 14 அன்று, நம் எல்லையை அடுத்த கெமெஞ்சே பாலத்தின்மேல் சைக்கிள் படையினர் வந்தபோது ஆஸ்திரேலியர்கள் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆயினும் அதே மாதத்தில் ஜப்பானியக் காவற்படைப் பிரிவு மலாக்கா வழியாக மூவாரை நோக்கிப் போயிற்று. பிறகு நம்மவர்கள் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சைக்கிள் யாரைச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையும் தீமையும் ஆகிறது.

இனிப் பந்தயத்தின் பக்கம் திரும்புவோம்.

வேகமாக ஓட்டுகிறவனுக்குப் பாதம் மிதியிலிருந்து நழுவக் கூடாது. அதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மிதியின் முன்னால் ஒரு இரும்புக் கூடும், காலைச் சேர்த்துக் கட்டும் தோல் வாரும் வந்துவிட்டன. 1980கள் வரை பந்தயக்காரர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். கீழே விழும்போது காலை உருவ முடியாமல் சைக்கிளோடு சேர்ந்தே விழுந்தவர்கள் ஏராளம். பிரான்சு நாட்டில் பனிச்சறுக்குப் பலகையில் சப்பாத்தைப் பூட்டும் பொறியைச் செய்து வந்த லுக் என்ற நிறுவனம், 1984 ஆம் ஆண்டில் அதே தந்திரத்தைச் சைக்கிள் மிதிக்குக் கொண்டுவந்தது. சப்பாத்தின் அடியில் கிளீட் எனப்படும் ஒரு தகடு. அதை மிதியின்மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக் கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். 1985 ஆம் ஆண்டில் பெர்னார்ட் இனோ இந்த மிதியோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றதும், உலகத்துப் பந்தயக்காரர்கள் எல்லோரும் தோல் வாரைக் கழற்றி எறியத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தப் பந்தயச் சப்பாத்துக்கு ஒரு குறை. மூன்று திருகாணியால் பிணைத்த பெரிய தகடு, அடிப்பாகத்துக்கு வெளியே துருத்திக் கொண்டிருக்கும். சைக்கிளின் மேல் இருக்கும் வரையில் அவன் அரசன். இறங்கினால் வாத்து நடை. சிமெண்டுத் தரையில் வழுக்கும். கல்லில் நடந்தால் தகடு தேயும். பந்தயக்காரனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவனுக்கு இறங்கி நடக்க வேண்டிய வேலை கிடையாது.

இறங்கி நடக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய பருமன் டயர்ச் சைக்கிள்களைத் தமல்பைஸ் மலையடிவாரத்து மண் பாதைகளில் ஓட்டி விளையாடினார்கள். அந்த விளையாட்டிலிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. மலைப் பாதையில் வேரும் பாறையும் சேறும் குறுக்கிடும். அடிக்கடி இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டும். இவர்களுக்காக ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990 ஆம் ஆண்டில் எஸ்.பி.டி. என்னும் மிதியை வெளியிட்டது. இதில் தகடு மிகச் சிறியது, இரண்டே திருகாணி, சப்பாத்தின் ரப்பர் அடிக்குள் பள்ளத்தில் அடங்கி இருக்கும். ஆகவே சாதாரணச் சப்பாத்தைப் போலவே நடக்கலாம். இந்த மிதிகளில் பெரும்பாலானவற்றை இருபுறமும் பூட்டலாம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. சேறும் ஓரளவு தானாக வெளியேறிவிடும்.

சற்றே யோசித்தால் ஓர் உண்மை புலப்படும். ஏறி இறங்கி, நடந்து, தள்ளி, மறுபடி ஏறுகிறவனுடைய தேவையைத்தான் இந்த மலைச் சைக்கிள் மிதி தீர்த்து வைத்தது. பால் டின்னோடு செம்மண் சடக்கில் போன நம் தாத்தாவின் தேவையும் அதுவேயன்றோ?

இன்று காலம் மாறிவிட்டது. மலாக்காவின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை விட்டு நம் குடும்பங்கள் பல ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கல், மெர்லிமாவ் என்று ஊர்ப்பக்கம் குடிபெயர்ந்தன. பிள்ளைகள் ஆயர் குரோவிலும் பத்து பெரெண்டாமிலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். 1996 ஆம் ஆண்டு தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தும், 1988 இல் சோல் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓட்டிய எம். குமரேசனைப் போன்றவர்களைப் பற்றிக் கேட்டும், நம் இளைஞர்கள் சிலர் மெல்லிய டயருள்ள சாலைச் சைக்கிளை வாங்குகிறார்கள். புதிதாக வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள்.

அப்படி ஒரு பையனை எண்ணிக் கொள்வோம். பழைய சாலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டான். "தாத்தா, சாலைச் சைக்கிளுக்குப் பந்தயச் சப்பாத்துத்தான் போட வேண்டுமாம். மலைச் சைக்கிள் மிதியை மாட்டினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்களாம்" என்று சொல்கிறான். தாத்தா என்ன சொல்வார்? "ஐயா, நீ வேலைக்குப் போகிறாயா, பந்தயத்துக்குப் போகிறாயா? கடையில் இறங்கி நடக்க மாட்டாயா? கால் உன்னுடையது, சிரிப்பு அவர்களுடையது" என்பார்.

தாத்தாவின் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்போம். பெரியவர்களுக்கான சாலைச் சைக்கிளின் மிதித்தண்டிலும் மலைச் சைக்கிளின் மிதித்தண்டிலும் உள்ள மரை பெரும்பாலும் ஒரே அளவுதான். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒன்பது பாகம். ஆகவே இதன் மிதி அதற்குத் தயக்கமின்றிப் பொருந்தும். வேகம் குறைந்து போகாதா என்றால், அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தவர் வெளியிட்ட ஓர் ஆய்வில், சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு தட்டை மிதியில் ஓட்டியபோதும், பந்தயச் சப்பாத்தைப் பூட்டி ஓட்டியபோதும், மிதமான வேகத்தில் உடம்பு செலவழித்த சக்தியில் வேறுபாடு காணப்படவில்லை. பந்தயத்தின் கடைசிப் பாய்ச்சலுக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும் கதை வேறாக இருக்கலாம். வேலைக்குப் போய் வருகிறவனுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. மலைச் சப்பாத்து எடை சற்று அதிகம். தகடு சிறியதாக இருப்பதால், அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் நீண்ட தூரத்தில் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தி எரிச்சல் தரும். ஆகவே அடி விறைப்பாக உள்ள சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வாங்குமுன் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு திருகாணிக்கான இடம் இருந்தால்தான் மலை மிதியின் தகடு அதில் ஏறும். மூன்று துளை மட்டும் உள்ளது பந்தயச் சப்பாத்து.

மாட்டும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வலது மிதி வழக்கமான மரை. இடது மிதி தலைகீழ் மரை. சுழலும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இதை அறியாமல் இடது மிதியைப் பலவந்தமாகத் திருகி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. எளிய அடையாளம் இது: எந்தப் பக்கமானாலும், மேல்நோக்கி நிற்கும் ஸ்பேனரைப் பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும், முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும். மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே திருகுங்கள்.

தகட்டைப் பெருவிரல் மேட்டுக்கு அடியில் வரும்படி வைத்து, பாதம் இயல்பாக நிற்கும் கோணத்திலேயே முடுக்க வேண்டும். கோணம் தவறினால் முழங்கால் நோகும். மிதியின் ஸ்பிரிங்கைத் தொடக்கத்தில் தளர்த்தி வையுங்கள். சாலைக்குப் போகுமுன் வீட்டுச் சுவரையோ தூணையோ பிடித்துக் கொண்டு, பூட்டவும் கழற்றவும் ஐம்பது முறை பழகுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நிற்பதற்கு முன்பாகவே இடது குதிகாலை வெளியே திருப்பிக் காலை விடுவித்துக் கொள்ளுங்கள். லாரி ஓடும் சாலையில், நின்ற பிறகு கழற்றிக் கொள்ளலாம் என்று எண்ணுவது ஆபத்து. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? பூட்டும் மிதியே வேண்டாம் என்பவர்களுக்கு, ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் பூட்டும்படியாகவும் உள்ள மிதியும் கிடைக்கிறது. வெறும் தட்டை மிதியும் கிடைக்கிறது. கடைக்குப் போக ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று வசதிப்படி செய்து கொள்ளலாம்.

நேயர்களே, இருநூறு ஆண்டுக் கதையைச் சுருக்கிச் சொன்னோம். இதில் நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? ஒரு கருவி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவருடைய வாழ்க்கை அதன் உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ரப்பர்க் கட்டை மிதியில் உழைப்பாளியின் வெறுங்கால் எழுதப்பட்டிருக்கிறது. பந்தய மிதியில் இறங்கி நடக்காத வீரனின் கால் எழுதப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் எதை வாங்கினாலும், "இது யாருடைய காலுக்குச் செய்தது? என் கால் எங்கே போய் வருகிறது?" என்ற கேள்வியைக் கேட்டுக் கொண்டால் போதும். பிறருடைய சிரிப்புக்குப் பயந்து சம்பளப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் போல, காலுக்குத் தகுந்த மிதி.

புக்கிட் லிந்தாங்கில் 1896 இல் ஊன்றிய கன்றிலிருந்து, உலகத்துச் சக்கரங்கள் ஓட நம்மவர் வெறுங்காலோடு பால் வெட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை இன்று நல்லதொரு சப்பாத்தைப் போட்டுக் கொண்டு, தனக்கேற்ற மிதியில் காலை வைத்து, மாலையில் பத்திரமாக வீடு திரும்புகிறான் என்றால், அந்தப் பாதங்கள் பட்ட பாட்டுக்கு அதுவும் ஒரு பலன்தான்.